டாக்ஸ்ட்ரிங்கில் வகையை எழுதினால் எடிட்டருக்குப் புரியுமா? பைதான் ஆட்டோகம்ப்ளீட் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைதானில் ஒரு ஃபங்ஷனுக்குள் ஆர்க்யுமென்டின் பெயரை அடித்து, புள்ளி வைத்துக் காத்திருக்கிறோம். அதில் பயன்படுத்தக்கூடிய மெத்தடுகளின் பட்டியல் வருவதில்லை. அந்த ஆர்க்யுமென்ட் இன்ன வகை என்று டாக்ஸ்ட்ரிங்கில், அதாவது ஃபங்ஷனின் தொடக்கத்தில் எழுதும் விளக்கச் சரத்தில், எழுதி வைத்தால் வரும் என்று ஒருவர் சொல்கிறார். எழுதியும் வரவில்லை என்று இன்னொருவர் சொல்கிறார். இருவர் சொல்வதும் சரிதான். காரணம் அவரவர் எடிட்டருக்குள் ஓடும் எஞ்சினில் இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் கோட் துண்டுகளும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. டெஃப், பாரம், டைப், ஆர்டைப், எஸ்டிஆர் போன்ற பைதான் சொற்களை உங்கள் கோப்பில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஃபங்ஷனுக்கு வெளியே பட்டியல் வருகிறது, உள்ளே மட்டும் ஏன் வருவதில்லை?

வெளியே ஒரு மாறிக்கு மதிப்பு கொடுக்கும் வரி எடிட்டரின் கண்ணில் படுகிறது. வலப்பக்கம் இருப்பது சரமா, லிஸ்டா, எந்த கிளாஸின் ஆப்ஜெக்ட் என்பதை அந்த வரியிலிருந்தே அது கண்டுகொள்ளும். ஆர்க்யுமென்டுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. அதன் மதிப்பு, ஃபங்ஷனை அழைக்கும் இடத்திலிருந்து வருகிறது. அந்த இடம் வேறு கோப்பில் இருக்கலாம், இன்னும் எழுதப்படாமலும் இருக்கலாம். ஆகவே வகையை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

ஜெடி எஞ்சின் மட்டும், அந்த ஃபங்ஷன் எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று தேடி ஊகிக்க முயலும். அழைப்பே இல்லாத புதிய ஃபங்ஷனில் அந்த வித்தை பலிக்காது.

டாக்ஸ்ட்ரிங்கில் வகை எழுதினால் எல்லா எடிட்டருக்கும் புரியுமா?

புரியாது. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். எடிட்டரின் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே வகையை ஆராயும் எஞ்சின் எது என்று பாருங்கள்.

பைசார்ம் தன் சொந்த எஞ்சினை வைத்திருக்கிறது. ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் (ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியின் பெயரால் ஸ்ஃபிங்க்ஸ் வடிவம் என்றும் சொல்வார்கள்), கூகுள், நம்பை ஆகிய வடிவ டாக்ஸ்ட்ரிங்குகளைப் படித்து வகையை எடுத்துக்கொள்ளும்.

ஜெடி, ஸ்ஃபிங்க்ஸ் வடிவத்தையும் எப்பிடாக் வடிவத்தையும் நேரடியாகப் படிக்கும். நம்பை வடிவத்தைப் படிக்க நம்பைடாக் என்ற பேக்கேஜ் கூடவே நிறுவப்பட்டிருக்க வேண்டும். கூகுள் வடிவத்தை அது படிக்காது. ஸ்பைடர், ஜெடி-விம், பைதான்-எல்எஸ்பி-சர்வர் ஆகியவற்றின் பின்னால் இருப்பது ஜெடிதான். ஐபைதானும் யூஸ்_ஜெடி அமைப்பு இயக்கத்தில் இருக்கும்போது அதைத்தான் கேட்கிறது.

விஎஸ் கோடில் பெரும்பாலோர் பயன்படுத்துவது பைலான்ஸ். அதற்கு அடியில் இருப்பது பைரைட். பைரைட் டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து வகையை எடுப்பதே இல்லை. மவுஸை மேலே வைத்தால் டாக்ஸ்ட்ரிங்கை அழகாகக் காட்டும், அவ்வளவுதான். அதில் எழுதிய வகையால் பட்டியல் வராது. எழுதியும் வரவில்லை என்று வருந்துபவர்களில் மிகப் பலர் பைலான்ஸ் பயன்படுத்துபவர்கள்தான்.

எந்த வடிவில் எழுதினால் அதிக இடங்களில் வேலை செய்யும்?

ஸ்ஃபிங்க்ஸ் வடிவம். பைசார்மும் ஜெடியும் கூடுதலாக எதையும் நிறுவாமலே அதைப் படிக்கின்றன.

    டெஃப் அனுப்பு(மடல், முகவரிகள்):
        """மடலை எல்லா முகவரிகளுக்கும் அனுப்பும்.

        :பாரம் மடல்: அனுப்ப வேண்டிய மடல்
        :டைப் மடல்: அஞ்சல்.மடல்வகை
        :பாரம் முகவரிகள்: பெறுநர் முகவரிகள், காலியாக இருக்கக் கூடாது
        :டைப் முகவரிகள்: லிஸ்ட்[எஸ்டிஆர்]
        :ரிட்டர்ன்: எல்லாம் போய்ச் சேர்ந்தால் ட்ரூ
        :ஆர்டைப்: பூல்
        """

பாரம் வரி மனிதருக்கு, டைப் வரி எஞ்சினுக்கு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. ஆர்டைப் வரியை விட்டுவிடாதீர்கள். அந்த ஃபங்ஷனின் விடையை இன்னொரு மாறியில் வாங்கிப் புள்ளி வைக்கும்போது அந்த வரிதான் உதவும்.

பைசார்மில் டாக்ஸ்ட்ரிங் வடிவத்தை ஒருமுறை தேர்ந்தெடுக்க வேண்டும். அமைப்புகள் சன்னலின் தேடல் பெட்டியில் டாக்ஸ்ட்ரிங் என்று அடித்தால் அந்தத் தேர்வு கிடைக்கும். ஒரே திட்டத்தில் இரண்டு வடிவங்கள் கலந்திருந்தால், கோப்பின் தலையில் இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட டாக்ஃபார்மேட் மாறியை வைத்து அந்தக் கோப்புக்கு மட்டும் வடிவத்தை மாற்றலாம்.

":பாரம் பாதை: எஸ்டிஆர்" என்றுதான் எழுதினேன். ஏன் வேலை செய்யவில்லை?

இதுதான் மிகப் பரவலான பிழை. இரண்டாவது கோலனுக்குப் பிறகு வருவது விளக்கம். "பாதை என்ற ஆர்க்யுமென்டின் விளக்கம்: எஸ்டிஆர்" என்றுதான் எஞ்சின் புரிந்துகொள்கிறது. வகையைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு:

    :டைப் பாதை: எஸ்டிஆர்
    :பாரம் எஸ்டிஆர் பாதை: கோப்பு இருக்கும் இடம்

இரண்டாவதில் வகை முன்னால், பெயர் பின்னால். சி மொழியில் மாறியை அறிவிக்கும் வரிசைதான்.

ஒரே வரி வடிவம் சில வகைகளுக்கு வருகிறது, சிலவற்றுக்கு வருவதில்லையே?

ஜெடி இந்த வரிகளை ரெகுலர் எக்ஸ்பிரஷனால், அதாவது எழுத்துகளின் அமைப்பைப் பொருத்திப் பார்க்கும் குறியீட்டால், தேடுகிறது. ஒரே வரி வடிவத்தில் வகைக்கு அது விட்டிருக்கும் இடம் ஒற்றைச் சொல் மட்டுமே: எழுத்து, எண், அடிக்கோடு. எஸ்டிஆர், இன்ட், டிக்ட் எல்லாம் பொருந்தும். அஞ்சல்.மடல்வகை என்றால் நடுவில் உள்ள புள்ளி தடுக்கும். லிஸ்ட்[எஸ்டிஆர்] என்றால் சதுர அடைப்பு தடுக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. வரி பொருந்தாமல் போகும், பட்டியல் வராமல் போகும்.

தனி டைப் வரியில் இந்தத் தடை இல்லை. கோலனுக்குப் பின் வரி முடியும்வரை எல்லாவற்றையும் வகையாகவே ஜெடி எடுத்துக்கொள்ளும். ஆனால் அதிலேயே மூன்று பொறிகள் உண்டு. வகைக்குப் பின்னால் விளக்கம் சேர்த்தால் அதுவும் வகையில் சேர்ந்து குழம்பும். விளக்கத்தைப் பாரம் வரியில் வையுங்கள். வகையை அடுத்த வரிக்கு மடித்தால் முதல் வரி மட்டுமே படிக்கப்படும். பெயருக்கும் இரண்டாவது கோலனுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் வரியே பொருந்தாது.

எனவே எளிய வகைக்கு ஒரே வரி, மற்ற எல்லாவற்றுக்கும் தனி டைப் வரி என்று பழக்கிக்கொள்வது நல்லது. குழுவாக வேலை செய்பவர்கள் எல்லாவற்றுக்கும் தனி வரி என்றே விதித்துவிடலாம்.

நம்பை வடிவத்தில் எழுதுகிறோம். கவனிக்க வேண்டியது என்ன?

இடைவெளியைக் கவனியுங்கள். பெயர், இடைவெளி, கோலன், இடைவெளி, வகை என்ற வரிசைதான் சரி. கோலனுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதினால், நம்பைடாக் அந்த வரி முழுவதையும் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். டைப் அனோட்டேஷன் (டெஃப் வரியிலேயே ஆர்க்யுமென்டுக்குப் பின் கோலன் போட்டு வகை எழுதும் முறை) எழுதிப் பழகிய கை கோலனைப் பெயரோடு ஒட்டியே அடிக்கும் என்பதால் இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது.

நம்பைடாக் பேக்கேஜை எங்கே நிறுவுகிறோம் என்பதும் முக்கியம். உங்கள் திட்டத்தின் விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றாகவும், ஜெடி ஓடும் என்விரான்மென்ட் வேறாகவும் இருக்கலாம். ஜெடி ஓடும் இடத்தில்தான் அது இருக்க வேண்டும்.

"லிஸ்ட் ஆஃப் எஸ்டிஆர்" என்று எழுதினால் ஜெடி "லிஸ்ட்" வரை மட்டும் எடுத்துக்கொள்ளும். லிஸ்டுக்கு உரிய மெத்தடுகள் வரும், உள்ளே இருப்பவை சரங்கள் என்பது தெரியாது.

"ஆப்ஷனல்" என்று டாக்ஸ்ட்ரிங்கில் எழுதுவதும் டைப்பிங் மாட்யூலின் ஆப்ஷனலும் ஒன்றா?

ஒன்றில்லை. நம்பை, கூகுள் வடிவங்களில் "இன்ட், ஆப்ஷனல்" என்றால், அழைக்கும்போது அந்த ஆர்க்யுமென்டைக் கொடுக்காமல் விடலாம் என்று பொருள். டைப்பிங் மாட்யூலின் ஆப்ஷனல்[இன்ட்] என்றால், மதிப்பு இன்ட் ஆகவோ நன் ஆகவோ (மதிப்பு ஏதும் இல்லை என்பதற்கான பைதான் சொல்) இருக்கலாம் என்று பொருள். இயல்பு மதிப்பு 10 உள்ள ஆர்க்யுமென்டைக் கொடுக்காமல் விடலாம். ஆனால் அதற்கு நன் கொடுத்தால் கோட் உடையக்கூடும். டாக்ஸ்ட்ரிங்கை அனோட்டேஷனாக மாற்றும்போது இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், தேவையற்ற நன் சோதனைகளைக் கேட்டு, வகைகளைச் சரிபார்க்கும் கருவியான டைப் செக்கர் பின்னாலேயே துரத்தும்.

நன் வரலாம் என்பதை ஸ்ஃபிங்க்ஸ் வடிவில் "இன்ட் ஆர் நன்" என்று எழுதுவார்கள். பைசார்ம் அதைப் புரிந்துகொள்ளும்.

வகையின் பெயரை எழுதினேன், ஆனால் அந்த கிளாஸை இந்தக் கோப்பில் இம்போர்ட் செய்யவில்லை. வேலை செய்யுமா?

வெறும் கிளாஸ் பெயரை எழுதினால், அந்தப் பெயர் அந்தக் கோப்பில் தெரிந்திருக்க வேண்டும். மாட்யூலோடு சேர்த்து முழுப்பெயராக எழுதினால், ஜெடி அந்த மாட்யூலைத் தானே தேடிப் பார்க்கும். த்ரெடிங்.த்ரெட் என்று எழுதியிருந்தால் கோப்பின் தலையில் த்ரெடிங் இம்போர்ட் ஆகாமல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

டாக்ஸ்ட்ரிங்குக்கு உண்மையான பலம் இங்கே இருக்கிறது. இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்து சிக்கிக்கொள்ளும் நிலையில், டாக்ஸ்ட்ரிங்கில் முழுப்பெயரை எழுதினால் சிக்கலே வராது. அது வெறும் சரம்தானே. அனோட்டேஷனில் இதே வசதி வேண்டுமானால், டைப்பிங் மாட்யூலின் டைப்_செக்கிங் மாறியை இஃப் நிபந்தனையில் வைத்து, அதனுள் இம்போர்ட் எழுதி, வகையின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்.

பைசார்முக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அதன் பழைய டாக்ஸ்ட்ரிங் இலக்கணத்தில் டி முதல் இசட் வரையிலான ஒற்றை ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஜெனரிக் வகைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. எக்ஸ் என்ற ஒற்றை எழுத்தில் கிளாஸுக்குப் பெயர் வைக்காமல் இருப்பது நல்லது.

கன்ஸ்ட்ரக்டரின் ஆர்க்யுமென்டுகளை எங்கே எழுதுவது? கிளாஸ் டாக்ஸ்ட்ரிங்கிலா, இனிட் மெத்தடிலா?

ஜெடி இனிட் மெத்தடை ஆராயும்போது கிளாஸின் டாக்ஸ்ட்ரிங்கையும் சேர்த்துப் பார்க்கும். எங்கே எழுதினாலும் சரி. ஸ்ஃபிங்க்ஸ் ஆவணப் பக்கத்தில் எது வர வேண்டும் என்பதை ஆட்டோகிளாஸ்_கன்டென்ட் அமைப்பு முடிவு செய்கிறது. ஏதாவது ஓரிடத்தில் மட்டும் எழுதுங்கள். இரண்டிலும் எழுதினால், ஆறு மாதத்தில் ஒன்று மட்டும் திருத்தப்பட்டு இன்னொன்று பழசாகவே நிற்கும்.

விஎஸ் கோடில் பைலான்ஸை விட மனமில்லை. அனோட்டேஷனும் எழுத முடியாது. என்ன வழி?

நான்கு வழிகள் இருக்கின்றன. பயன் ஒரே அளவில் இல்லை.

மிகச் சிறந்தது டைப் கமென்ட். டெஃப் வரிக்கு நேர் கீழே, டாக்ஸ்ட்ரிங்குக்கு மேலே, ஹேஷ் குறி போட்டு இப்படி எழுதுங்கள்:

    டெஃப் அனுப்பு(மடல், முகவரிகள்):
        # டைப்: (மடல்வகை, லிஸ்ட்[எஸ்டிஆர்]) -> பூல்
        """மடலை எல்லா முகவரிகளுக்கும் அனுப்பும்."""

இது 2015ல் பைதான் 3.5 உடன் வந்த பெப் 484 என்ற பைதான் விதி ஆவணத்தின் ஒரு பகுதி. பைரைட், பைசார்ம், ஜெடி, மைபை என்ற டைப் செக்கர் நான்குமே இதைப் படிக்கின்றன. பைதானுக்கு இது வெறும் கமென்ட் என்பதால் பழைய பதிப்பிலும் ஓடும். டாக்ஸ்ட்ரிங்குக்கு முன்னால் கமென்ட் இருந்தாலும் அது டாக்ஸ்ட்ரிங்காகவே இருக்கும். அந்தக் கவலை வேண்டாம். இத்தனை எஞ்சின்களும் ஒத்துக்கொள்ளும் ஒரு வழி இருந்தும் பலருக்கு அது தெரியவில்லை என்பது வருத்தமான விஷயம்.

இரண்டாவது, இயல்பு மதிப்பு. அனோட்டேஷன் இல்லாத ஆர்க்யுமென்டின் வகையைப் பைரைட் அதன் இயல்பு மதிப்பிலிருந்து ஊகிக்கும். காலிச் சரம் கொடுத்திருந்தால் சரத்தின் மெத்தடுகள் வரும். நன் கொடுத்திருந்தால் பயன் ஏதும் இல்லை. பட்டியலுக்காக மட்டும் இயல்பு மதிப்பு வைக்காதீர்கள்; கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய ஆர்க்யுமென்டை மறந்தாலும் பைதான் எச்சரிக்காது.

மூன்றாவது, ஃபங்ஷனின் முதல் வரியில் அசர்ட் இஸ்இன்ஸ்டன்ஸ் எழுதுவது. அதற்குக் கீழே உள்ள வரிகளில் எல்லா எஞ்சினும் வகையைப் புரிந்துகொள்ளும். ஆனால் இது ஓடும்போதும் வேலை செய்யும். தவறான வகை வந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். அது உங்களுக்குத் தேவைதானா என்று யோசித்து எழுதுங்கள்.

நான்காவது, எஞ்சினையே மாற்றுவது. விஎஸ் கோட் அமைப்புகளில் பைதான் லாங்குவேஜ் சர்வர் என்ற இடத்தில் ஜெடி என்று தேர்ந்தெடுத்து, சன்னலை மறுபடி ஏற்றுங்கள். டாக்ஸ்ட்ரிங் வகைகள் உயிர்பெறும். பைலான்ஸுக்கே உரிய வசதிகள் போய்விடும்.

அனோட்டேஷன், டாக்ஸ்ட்ரிங் இரண்டிலும் வகை இருந்து முரண்பட்டால்?

பைசார்மிலும் ஜெடியிலும் அனோட்டேஷன்தான் முந்தும். டாக்ஸ்ட்ரிங்கில் உள்ள தவறான வகை எடிட்டரை ஏமாற்றாது, படிக்கும் மனிதரைத்தான் ஏமாற்றும். பைடாக்லின்ட் என்ற கருவி இரண்டையும் ஒப்பிட்டு முரண்பாட்டைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தவர் எழுதிய லைப்ரரியில் வகையே இல்லை. அதன் டாக்ஸ்ட்ரிங்கைத் திருத்தலாமா?

சைட்-பேக்கேஜஸ் கோப்புறைக்குள் கை வைக்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் எல்லாம் அழிந்துவிடும். வகைகளை மட்டும் சொல்லும், பிஒய்ஐ என்று முடியும் ஸ்டப் கோப்பு எழுதுங்கள். பைலான்ஸ், திட்டத்தின் வேரில் உள்ள டைப்பிங்ஸ் என்ற கோப்புறையை இயல்பாகவே பார்க்கும். அதனுள் லைப்ரரியின் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் ஸ்டப். பைரைட்டின் கிரியேட்ஸ்டப் கட்டளை முதல் வரைவைத் தானே போட்டுத் தரும். நீங்கள் பயன்படுத்தும் நான்கைந்து ஃபங்ஷன்களின் வகையை நிரப்பினாலே போதும்.

இன்றைக்கும் டாக்ஸ்ட்ரிங் வகை அவசியமான இடம் ஏதாவது உண்டா?

உண்டு. பைதான் 2.7க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ல் முடிந்தது. ஆனாலும் வேறு மென்பொருளுக்குள் உட்கார்ந்திருக்கும் பைதான்கள் இன்னும் பழைய இலக்கணத்தில் ஓடுகின்றன. ஜைத்தான் 2.7 அப்படிப்பட்டது. முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளான ரைனோ 7க்குள் இருக்கும் அயர்ன்பைதானும் 2.7தான். அங்கே ஆர்க்யுமென்டுக்குப் பின் கோலன் போட்டு வகை எழுதினால் சின்டாக்ஸ் எரர் வரும். டாக்ஸ்ட்ரிங் அல்லது டைப் கமென்ட், இரண்டே வழிகள். அத்தகைய கோடைப் பைசார்மில் எழுதுபவருக்கு டாக்ஸ்ட்ரிங் வகைகள் பெரிய துணை.

புதிதாக, பைதான் 3ல் மட்டும் ஓடப்போகும் கோட் என்றால் அனோட்டேஷனே எழுதுங்கள். 3.9 முதல் லிஸ்ட்[எஸ்டிஆர்] என்று நேரடியாகவும், 3.10 முதல் இரண்டு வகைகளுக்கு நடுவில் செங்குத்துக் கோடு போட்டும் எழுதலாம்.

கிளாஸுக்கும் ஆர்க்யுமென்டுக்கும் தமிழில் பெயர் வைத்தால் இவையெல்லாம் வேலை செய்யுமா?

பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது. டாக்ஸ்ட்ரிங்கில் இரண்டு இடறல்கள் உண்டு.

முதலாவது, மேலே சொன்ன ஒரே வரி வடிவம். அதில் வகைக்காக ஜெடி பயன்படுத்தும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் குறியீடு, பைதானில் தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கிடுவதில்லை. "மடல்" என்ற சொல்லில் கடைசிப் புள்ளியிலேயே பொருத்தம் அறுந்துவிடும். தனி டைப் வரியில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது, கொம்பும் காலும் சேர்ந்த ஒகர எழுத்துகள். "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கோடில் உள்ள பெயர்களைப் பைதான் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும், சரத்துக்குள் இருப்பதைத் தொடாது. பெயரைக் கையால் மறுபடி அடிக்காமல், டெஃப் வரியிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

எல்லாம் சரியாக எழுதியும் வரவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

அது டாக்ஸ்ட்ரிங்தானா என்று பாருங்கள். ஃபங்ஷனின் முதல் கூற்றாக இருந்தால்தான் டாக்ஸ்ட்ரிங். அதற்கு மேலே ஒரு இம்போர்ட் வரி புகுந்தாலே அது வெறும் சரமாகிவிடும். எஃப் முன்னொட்டுள்ள சரம் எந்த இடத்தில் இருந்தாலும் டாக்ஸ்ட்ரிங் ஆகாது. ஃபங்ஷனின் டாக் பண்பை (இதற்கும் இருபுறமும் இரட்டை அடிக்கோடு) அச்சிட்டுப் பாருங்கள். நன் வந்தால் சிக்கல் இங்கேதான்.

அடுத்து, டாக்ஸ்ட்ரிங்கில் உள்ள பெயரும் டெஃப் வரியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். ஆர்க்யுமென்டின் பெயரை மாற்றிவிட்டு டாக்ஸ்ட்ரிங்கை மறப்பது வழக்கமான கதை.

அதன்பிறகு எஞ்சினையே நேரடியாகக் கேளுங்கள். ஜெடியில் ஸ்கிரிப்ட் கிளாஸுக்குக் கோடைச் சரமாகக் கொடுத்து, இன்ஃபர் மெத்தடை வரி எண், வரிக்குள் எத்தனையாவது இடம் என்ற இரண்டோடும் அழைத்தால் அது கண்டுபிடித்த வகை தெரியும். வரி எண் 1ல் தொடங்கும், இடம் 0வில் தொடங்கும். பைரைட்டிலும் மைபையிலும் ரிவீல்_டைப் என்று ஆர்க்யுமென்டைச் சுற்றி எழுதினால் வகையைச் சொல்லும்.

மைபை பற்றி இன்னொன்று: அது டாக்ஸ்ட்ரிங் வகைகளை மதிப்பதில்லை. அனோட்டேஷனே இல்லாத ஃபங்ஷனின் உடலை இயல்பு நிலையில் சோதிப்பதும் இல்லை. மைபை பிழை காட்டவில்லை என்பதால் டாக்ஸ்ட்ரிங்கில் எழுதிய வகை சரி என்று நினைத்துவிட வேண்டாம்.

ஜாவாஸ்கிரிப்டில் கமென்டில் எழுதும் வகைகள் நன்றாக வேலை செய்கின்றனவே?

அங்கே நிலைமை வேறு. ஜேஎஸ் கோப்புகளில் ஜேஎஸ்டாக் கமென்டில் உள்ள வகைகளை டைப்ஸ்கிரிப்டின் எஞ்சின் படிக்கிறது. விஎஸ் கோட் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள் வகையை எழுத இடமில்லாததால் கமென்டே முதன்மை வழியாக நிலைத்தது. பைதானில் மொழியே இடம் கொடுத்துவிட்டது.

வகையை அனோட்டேஷனுக்கு மாற்றிவிட்டோம். டாக்ஸ்ட்ரிங்கில் இனி என்ன எழுதுவது?

வகையால் சொல்ல முடியாதவற்றை எழுதுங்கள். ஃப்ளோட் என்று அனோட்டேஷன் சொல்லும். அது வினாடியா மில்லிவினாடியா என்பதை டாக்ஸ்ட்ரிங்தான் சொல்ல வேண்டும். எஸ்டிஆர் என்றால் முழுப் பாதையா, திட்டத்தின் வேரிலிருந்து தொடங்கும் பாதையா? லிஸ்ட் காலியாக வரலாமா? கொடுத்த லிஸ்டையே ஃபங்ஷன் மாற்றுமா, நகலெடுத்து மாற்றுமா? நம்பை அர்ரே என்றால் அதன் பரிமாணங்கள் என்ன வரிசையில் இருக்க வேண்டும்? பைலான்ஸ் பட்டியலில் அந்த ஃபங்ஷனின் பெயர் மேல் நிற்கும்போது இந்த வரிகள் பக்கத்திலேயே விரியும். ஆவணப் பக்கத்தில் வகையும் தெரிய வேண்டுமானால், ஸ்ஃபிங்க்ஸின் ஆட்டோடாக்_டைப்ஹின்ட்ஸ் அமைப்பை டிஸ்கிரிப்ஷன் என்று மாற்றுங்கள்; அனோட்டேஷனிலிருந்து வகையை எடுத்து அதுவே விளக்கத்தின் பக்கத்தில் வைக்கும்.